ஊர் மாறினதில் விட்டுப்போன தடுப்பூசி: இனி எங்கிருந்து தொடங்குவது?

தேரிக்காட்டு மருமகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். பாப்பாவுக்கு இப்போது ஒரு வயது ஏழு மாதம். தலைப்பிரசவம் என்பதால் அம்மா வீட்டில், சுரண்டைப் பக்கம்தான் பிறந்தாள். பிறந்த அன்று போட்டது, ஒன்றரை மாத ஊசி, இரண்டரை மாத ஊசி மூன்றும் அங்கேயே ஆகிவிட்டது. நர்ஸ் அக்காவே போன் பண்ணிக் கூப்பிடுவார்கள். மூன்று மாதம் முடிந்ததும் திசையன்விளைப் பக்கம் மாமியார் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். மூன்றரை மாத ஊசிக்குப் போக வேண்டிய புதன்கிழமை பாப்பாவுக்குச் சளி. அதற்கடுத்த புதன் ஊர்க்கோயில் கொடைத் திருவிழாவுக்கு மறுநாள். அப்புறம் மாமாவுக்கு ஆஸ்பத்திரி, அலைச்சல். அப்படியே ஒன்பதாம் மாத ஊசியும் விட்டுப்போனது. தடுப்பூசி அட்டை அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறது.

இப்போது போனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து மறுபடி போடுவார்களா? வயது தாண்டிவிட்டது என்று திருப்பி அனுப்புவார்களா? அத்தையோ, "இத்தனை மாசம் ஒண்ணும் வரலையே, பிள்ளை கொழுகொழுன்னுதானே இருக்கா, இனி எதுக்குக் குத்தணும்?" என்கிறார்கள். அவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் தெரியவில்லை.

சிற்றாறு அக்கா எழுதியது:

மகளே, நான் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் இதைக் கேட்டுக்கொள். ஒரு ஊசியும் முதலிலிருந்து போட வேண்டாம். போட்ட டோஸ் போட்டதுதான், எத்தனை மாதம் இடைவெளி விழுந்தாலும் அது வீணாகாது. விட்ட இடத்திலிருந்து தொடருவார்கள். ஐந்து நோய்களுக்கு ஒன்றாகப் போடும் பென்டா ஊசி பாப்பா இரண்டு போட்டிருக்கிறாள். மூன்றாவதை இப்போது போடுவார்கள். ஒரு பென்டாகூட போடாமல் ஒரு வயது தாண்டிய பிள்ளைக்குத்தான் முறை வேறு, அதற்குத் தொண்டை அடைப்பான், கக்குவான், ரணஜன்னி மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசி போடுவார்கள். பாப்பாவுக்கு ஒன்பதாம் மாதம் போட வேண்டிய தட்டம்மை ரூபெல்லா ஊசியும் அதே நாளில் போடலாம். அது 5 வயது வரைக்கும் போடுவது. இரண்டாவது தட்டம்மை ஊசிக்குக் குறைந்தது ஒரு மாத இடைவெளி வேண்டும். முத்தடுப்பு ஊக்க ஊசி மூன்றாவது பென்டா முடிந்து ஆறு மாதம் கழித்து. ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசியா என்று பயப்படாதே. வேறு வேறு இடத்தில் போடுவார்கள், பிள்ளை உடம்பு அதைத் தாங்கும்.

திருப்பி அனுப்ப மாட்டார்கள். திட்டுவார்களோ என்று தயங்கித் தயங்கியே இன்னும் மூன்று மாதம் தள்ளிப்போடும் தாய்மாரை நிறையப் பார்த்திருக்கிறேன். யாராவது ஒரு வார்த்தை கூடச் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாதே, ஊசியைப் போட்டுவிட்டு வா.

இன்னொன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த காலம் முழுக்க, ஊசியே வேண்டாம் என்று கதவைச் சாத்திய வீடுகள் கொஞ்சம்தான். எங்கள் பதிவேட்டில் பெயர்கள் விட்டுப்போனது இரண்டு இடத்தில். ஒன்று மூன்றாம் மாதம். பிள்ளை தாய்வீட்டை விட்டுப் போய்விடும், அங்குள்ள நர்ஸ் 'ஊரில் இல்லை' என்று எழுதுவார், புகுந்த ஊர் நர்ஸுக்கோ அப்படி ஒரு பிள்ளை வந்திருப்பதே தெரியாது. இன்னொன்று ஒன்றரை வயது. ஒன்பதாம் மாத ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டால் அட்டையை யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை. அதுபோக நம் பக்கத்து அம்மன் கொடை செவ்வாய்க்கிழமை, ஊசி புதன்கிழமை. ராத்திரி முழுக்கக் கோயிலில் இருந்த ஊர் மறுநாள் மத்தியானம்தான் கண் விழிக்கும். சித்திரையிலும் ஆடியிலும் ஐஸ் பெட்டியைத் திறக்க வேலையே இல்லாமல் திரும்பி வந்த நாட்கள் உண்டு. யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அடுத்த வாரம் வந்துவிட வேண்டும்.

சளி இருந்ததால் விட்டது என்றாய் அல்லவா? சாதாரண சளி, லேசான இருமல், இளஞ்சூடு இதற்கெல்லாம் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதே இல்லை. பிள்ளை துவண்டு கிடக்கிறது, காய்ச்சல் கடுமையாக அடிக்கிறது என்றால் மட்டும் டாக்டரிடம் காட்டிவிட்டு, தெளிந்ததும் போட்டுக்கொள்ளலாம்.

பனையூரான் எழுதியது:

அக்கா, எனக்கும் இதே கதைதான். நான் சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கிறேன். மகன் வள்ளியூரில் பிறந்தான், இப்போது எங்களோடு சென்னையில் இருக்கிறான், கொடைக்கும் பள்ளி விடுமுறைக்கும் ஊருக்குப் போவோம். ஊசியை ஆரம்பித்த இடத்திலேயேதான் முடிக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் நினைத்துக்கொண்டு, அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தோம். அப்படி ஏதும் விதி இருக்கிறதா?

சிற்றாறு அக்கா எழுதியது:

இல்லை தம்பி. நாட்டில் எந்த அரசு மருத்துவமனையிலும் போடலாம், ஒரே அட்டவணைதான், காசும் கிடையாது. அட்டையைக் கையில் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். அட்டை இல்லையென்றால் பிக்மி நம்பர் போதும். கர்ப்பம் பதிவு செய்தபோது கொடுத்த 12 இலக்க எண், பிறப்புச் சான்றிதழ் வாங்கப் போனபோது கேட்டிருப்பார்களே, அதுதான். அந்த எண்ணைத் தட்டினால் தாயின் விவரமும் பிள்ளைக்குப் போட்ட ஊசிகளும் வரும். தேரிக்காட்டு மகளும் இதைக் கவனி: இப்போதே அம்மாவிடம் சொல்லி, அட்டையின் எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல். பேருந்தில் ஆள் வந்து கொடுக்கட்டும் என்று காத்திருக்காதே. ஊர் மாறும்போது நகைப்பெட்டியை எடுத்து வைப்பதற்கு முன்னால் அட்டையை எடுத்து வைக்க வேண்டும்.

முக்கூடல் மதினி எழுதியது:

நான் பீடி சுற்றுகிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் அதே வேலை. கடையில் பீடி கொண்டு கொடுக்கும் நேரமும் ஊசி போடும் நேரமும் ஒன்றாக வந்துவிடும். ஊசி போட்ட பிள்ளை ராத்திரி தூங்காது, மறுநாள் இடுப்பை விட்டு இறங்காது, அந்த இரண்டு நாளும் கணக்கு குறையும். படித்தவர்கள் 'அலட்சியம்' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டுப் போகிறார்கள், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது. எங்கள் தெருவில் நாங்கள் கண்டுபிடித்த வழி: ஒருத்தி நான்கு பேர் பீடியையும் கடைக்குக் கொண்டுபோவாள், மற்றவர்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு அங்கன்வாடிக்குப் போவோம். அடுத்த வாரம் இன்னொருத்தி. நர்ஸிடம் எந்த நேரம் கூட்டம் குறைவு என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வோம். ஒன்றரை வயது ஊசி வரைக்கும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு விட்டுப்போகவில்லை.

வடக்கு ரதவீதி எழுதியது:

எல்லாரும் போடு போடு என்கிறீர்கள். எனக்குச் சில சந்தேகங்கள். 2017-ல் பள்ளிக்கூடங்களில் தட்டம்மை ரூபெல்லா ஊசி போட்டபோது வாட்ஸ்அப்பில் என்னவெல்லாம் வந்தது, மறந்துவிட முடியாது. மலட்டுத்தன்மை வரும் என்றார்கள், ஆட்டிசம் வரும் என்றார்கள். அதற்கு முன்னால் திருவள்ளூர்ப் பக்கம் ஊசி போட்டுக் குழந்தைகள் இறந்ததாகவும் படித்தேன். மருந்து வெயிலில் கிடந்து கெட்டுப்போயிருந்தால் நமக்கு எப்படித் தெரியும்? கேட்பது தப்பா?

பொருநைக்கரை எழுதியது:

தப்பே இல்லை அண்ணாச்சி, கேட்க வேண்டிய கேள்விகள். நான் குழந்தை மருத்துவர். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

திருவள்ளூர் உண்மை. 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசிக்குப் பிறகு 4 குழந்தைகள் இறந்தன. அதை மூடி மறைத்துவிட்டு நம்பிக்கையைக் கேட்க எங்களுக்கு உரிமை கிடையாது. அதற்கப்புறம் தமிழ்நாட்டில் கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மட்டும் போடும்படி கொஞ்ச காலம் வைத்திருந்தார்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைப்பது சும்மா இல்லை. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை பல லட்சத்தில் ஒருவருக்கு வரலாம், வந்தால் பெரும்பாலும் அந்த அரை மணிக்குள் தெரியும், அதற்கு மருந்து அங்கேயே இருக்க வேண்டும். அதனால் 'பஸ் போயிரும்' என்று எழுந்து ஓடாதீர்கள்.

ஆட்டிசம் கதை 1998-ல் இங்கிலாந்தில் ஒரு மருத்துவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து கிளம்பியது. 12 குழந்தைகளை வைத்து எழுதியது. அதில் நேர்மையின்மை இருந்தது என்று தெரிந்து, வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றது, அவருடைய மருத்துவர் பதிவும் பறிக்கப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சம் குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 2019-ல் வந்தது. ஊசி போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஆட்டிசத்தில் வித்தியாசம் இல்லை. மலட்டுத்தன்மைக்கு ஆதாரம் எதுவுமே கிடையாது. உண்மையில் ரூபெல்லா ஊசி நாளைக்கு இந்தப் பெண்பிள்ளைகள் கர்ப்பம் தரிக்கும்போது அவர்கள் பிள்ளையைக் காப்பதற்குத்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்கு ரூபெல்லா வந்தால் பிள்ளை கண்புரையோடு, காது கேளாமல், இதயக் கோளாறோடு பிறக்கலாம்.

வரக்கூடியது என்ன என்பதையும் சொல்லிவிடுகிறேன். பென்டா போட்டால் ஒன்றிரண்டு நாள் காய்ச்சல், தொடையில் வீக்கம், அழுகை. தட்டம்மை ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் கழித்து லேசான காய்ச்சலும் சில பிள்ளைகளுக்குச் சிவந்த தடிப்பும் வரலாம், தானாகவே அடங்கும். பிறந்ததும் இடது தோளில் போடும் பிசிஜி (காசநோய்த் தடுப்பூசி) சில வாரம் கழித்துச் சின்னப் புண்ணாகி ஆறும். அதில் எண்ணெயோ மஞ்சளோ போட வேண்டாம்.

சிற்றாறு அக்கா எழுதியது:

மருந்து கெட்டதா என்று கேட்டீர்களே அண்ணாச்சி, அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். குப்பியில் ஒரு சின்ன வட்டம் இருக்கும், அதற்குள் ஒரு சதுரம். சதுரம் வட்டத்தைவிட வெளுப்பாக இருந்தால் மருந்து சூட்டில் கெடவில்லை என்று அர்த்தம். சூடு ஏற ஏறச் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைத் தொடக்கூடாது. தட்டம்மை மருந்து பொடியாக இருக்கும், அதற்கென்று வரும் நீரில்தான் கலக்க வேண்டும், கலந்த நேரத்தைக் குப்பி மேலேயே எழுதுவோம். 4 மணி நேரம் ஆகிவிட்டால் உள்ளே மிச்சம் இருந்தாலும் தூர எறிந்துவிட வேண்டும். சிரிஞ்சு ஒரு தடவை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், இரண்டாம் தடவை இழுக்கவே முடியாது. 'அந்தக் குப்பியைக் கொஞ்சம் காட்டுங்க' என்று தாராளமாகக் கேளுங்கள். நல்ல நர்ஸ் சந்தோஷமாகக் காட்டுவார்.

கீழத்தெரு ஆச்சி எழுதியது:

பேத்தி தட்டித் தருகிறாள், நான் சொல்லச் சொல்ல. அந்தப் பிள்ளையின் மாமியாருக்குத்தான் இது.

அம்மா, நம் காலத்தில் பெரியம்மை வந்த வீட்டைப் பார்த்திருப்பீர்கள். வாசலில் வேப்பிலை, உள்ளே வாழையிலையில் பிள்ளை, தெருவில் தாளிக்கும் வாசனைகூட வரக்கூடாது. பிழைத்தவர்கள் முகமெல்லாம் தழும்பு, சிலருக்குக் கண் போய்விட்டது. இன்றைக்கு அந்த முகம் எங்கேயாவது புதிதாகப் பார்க்கிறோமா? முத்தாரம்மனுக்குக் கஞ்சி ஊற்றுவதை நான் விட்டதில்லை, விடவும் மாட்டேன். அம்மை குத்த வந்தபோது கையையும் நீட்டினேன். இரண்டுக்கும் சண்டை இல்லை.

கக்குவான் இருமலைப் பார்த்தவர்கள் ஊசி எதற்கு என்று கேட்க மாட்டார்கள். எதிர்வீட்டுப் பிள்ளைக்கு வந்தது. இருமும், இருமும், மூச்சு விட இடமே இல்லாமல் இருமும். முகம் சிவந்து, அப்புறம் உதடு நீலம் பாரித்துவிடும். கடைசியில் கூவுகிற மாதிரி ஒரு மூச்சு இழுக்கும், குடித்த பால் அத்தனையும் வெளியே வரும். கொஞ்ச நேரம் கண் மூடும், மறுபடி ஆரம்பிக்கும். மாதக்கணக்கில் அப்படி. தெருவில் கழுதைப்பால்காரர் வரும்போதெல்லாம் சங்கில் வாங்கிப் புகட்டினார்கள். நின்றதா? நிற்கவில்லை. 'ஒண்ணும் வரலையே' என்கிறீர்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் ஊசி போட்டிருப்பதால் உங்கள் வீடுவரைக்கும் வரவில்லை அம்மா.

பொருநைக்கரை எழுதியது:

ஆச்சி சொன்ன கடைசி வாக்கியத்தை நான் வகுப்பெடுத்தாலும் இவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியாது. ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குக் கக்குவான் வந்தால் அந்தக் கூவல்கூடக் கேட்காது, மூச்சு மட்டும் நின்று நின்று வரும். அதனால்தான் ஒன்றரை மாதத்திலேயே ஆரம்பிக்கிறோம்.

இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும். தட்டம்மை, நம் பக்கம் மணல்வாரி என்பார்கள், அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறார்கள். பாதுகாப்பில்லாத 10 பேர் நோயாளி பக்கத்தில் இருந்தால் 9 பேருக்குத் தொற்றும். நோயாளி எழுந்து போன அறையில் 2 மணி நேரம்வரை கிருமி காற்றிலேயே இருக்கும். ஒரு கல்யாண மண்டபம் போதும். நிமோனியா, காதில் சீழ், வயிற்றுப்போக்கு, சிலருக்கு மூளைக்காய்ச்சல். பிழைத்த பிள்ளைக்கும் உடம்பு முன்பு கற்றுவைத்திருந்த நோய் எதிர்ப்பு கொஞ்சம் அழிந்துபோகிறது, அதனால் அடுத்து வரும் நோய்கள் கடுமையாகத் தாக்கலாம். 2023-ல் மட்டும் உலகில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் தட்டம்மையால் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. ஒன்பதாம் மாதம் போடும் ஒரு ஊசியில் எல்லாப் பிள்ளைக்கும் முழுப் பாதுகாப்பு வருவதில்லை. ஏறக்குறைய ஏழில் ஒரு பிள்ளைக்கு அது பிடிக்காமல் போகலாம். அந்தப் பிள்ளையை இரண்டாவது ஊசிதான் காப்பாற்றுகிறது. ஒன்றரை வயது ஊசி கூடுதல் மரியாதைக்குப் போடுவது இல்லை.

அடுத்தது தொண்டை அடைப்பான், அதாவது டிப்தீரியா. 2016-ல் மலப்புறத்தில் மறுபடி தலைகாட்டியது, இறந்தவர்களில் பள்ளி மாணவர்கள் இருந்தார்கள். செங்கோட்டையைத் தாண்டினால் கேரளா, நம் ஆட்கள் தினமும் போய்வருகிறார்கள். இந்த நோய்க்கான பாதுகாப்பு வருடம் போகப் போகக் குறையும். அதற்காகத்தான் ஒன்றரை வயதிலும் 5 வயதிலும் முத்தடுப்பு ஊசி, அப்புறம் 10 வயதிலும் 16 வயதிலும் டிடி ஊசி (ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும்). போலியோ மாதிரி ஒரேயடியாகத் துரத்திவிட்ட நோய் இல்லை இது. இயற்கையான போலியோ கிருமியால் இந்தியாவில் கடைசியாக நோய் வந்தது 2011 ஜனவரியில்தான், சொட்டு மருந்தை இன்னும் நிறுத்தவில்லை.

பனையூரான் எழுதியது:

டாக்டர், தனியார் மருத்துவமனையில் போட்டால் நல்ல மருந்து, அரசாங்க ஊசி மட்டம் என்று கடைக்கு வருபவர்கள் பேசிக்கொள்கிறார்கள். நிமோனியா ஊசிக்கு ஒரு டோஸுக்கே ஆயிரக்கணக்கில் ஆகிறது என்கிறார்கள்.

பொருநைக்கரை எழுதியது:

நிமோகாக்கஸ் நிமோனியாவுக்கான ஊசி 2021-லிருந்து தமிழ்நாட்டில் அரசு அட்டவணையிலேயே இருக்கிறது, இலவசம். வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா சொட்டு மருந்தும் இலவசம்தான். தரத்தில் மட்டம் ஒன்றும் இல்லை. பொன்னுக்கு வீங்கி, சின்னம்மை, டைபாய்டு ஊசிகள் அரசு அட்டவணையில் இல்லை, வசதி இருப்பவர்கள் வெளியில் போட்டுக்கொள்ளலாம். வசதி இல்லாதவர்கள் அதை நினைத்து வருத்தப்பட்டு, இலவசமாகக் கிடைப்பதை விட்டுவிடாதீர்கள்.

தேரிக்காட்டு மருமகள் எழுதியது:

நேற்று போய் வந்தோம். அம்மா அனுப்பிய போட்டோவையும் பிக்மி நம்பரையும் காட்டினேன். இங்குள்ள நர்ஸ் அக்கா புது அட்டையில் பழைய தேதிகளை எல்லாம் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், திட்டவில்லை. மூன்றாவது பென்டா, தட்டம்மை ரூபெல்லா, நிமோனியா ஊசி, போலியோ சொட்டு, வைட்டமின் ஏ எல்லாம் ஒரே நாளில். அடுத்த தேதியையும் எழுதித் தந்திருக்கிறார்கள். ராத்திரி காய்ச்சல் அடித்தது, எடைக்குத் தக்கபடி அவர்கள் சொன்ன அளவில் மருந்து கொடுத்தோம், இன்று விளையாடுகிறாள். ஆச்சி எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். அத்தையும் கூட வந்தார்கள், குப்பியில் சதுரத்தைக் காட்டச் சொல்லிக் கேட்டது அவர்கள்தான்.

வடக்கு ரதவீதி எழுதியது:

எனக்கும் ஒரு பதில் வேண்டும். பேரனுக்கு ஆறரை வயது. ஒன்றரை வயது ஊசி போட்டது அட்டையில் இருக்கிறது. 5 வயது ஊசிக்கான கட்டம் காலியாக இருக்கிறது. இனி போட முடியுமா?

சிற்றாறு அக்கா எழுதியது:

முடியும் அண்ணாச்சி. முத்தடுப்பு ஊசி 7 வயது வரைதான், இன்னும் ஆறு மாதம் கையில் இருக்கிறது. வருகிற புதன்கிழமையே அட்டையோடு கூட்டிப்போங்கள், கையில் போடுவார்கள், அன்றைக்கே பள்ளிக்கூடத்துக்கும் போய்விடலாம். 7 தாண்டிவிட்டாலும் விட்டுவிடாதீர்கள், அந்த வயதுக்கு டிடி இருக்கிறது. அப்புறம் 10 வயதுக்கான டிடி போட நர்ஸ் பள்ளிக்கூடத்துக்கே வருவார். அன்றைக்குப் பையன் வயிற்று வலி என்று சொல்லி லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.